திரையும் மெய்யும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. கணினித் திரை கண்களை ஆளும் இக்காலத்தில் அம்மொழியை மீண்டும் எண்ணிப் பார்த்தல் நன்று.

நம் குருதியில் வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளோடு நிகழ்த்தும் போரை முழுமையாய் நேரிற் கண்டவர் எவருமிலர். ஆயினும், 1992இல் செலாடா, சைடன் என்னும் அறிஞர் இருவர் அப்போரைக் கணினிக்குள் நடத்திக் காட்டும் முறையொன்றை வெளியிட்டனர். அதிலே ஒவ்வோர் அணுவும் வகுத்த விதிப்படி நகர்கிறது, பகையை அறிகிறது, பெருகுகிறது, மடிகிறது. இன்று இத்தகைய நிகழ்வுகள் வண்ணக் காட்சிகளாய்த் திரையில் ஓடுகின்றன. ஆய்வாளர்க்கு அவை பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால், அங்கு நாம் காண்பது உடலையா, உடலைப் பற்றிய நம் கருத்தையா?

கருத்தையே என்பேன். விதிகளிலிருந்து நாம் எதிர்பாராத விளைவும் தோன்றலாம். எனினும், விதி பிழையானால் காட்சி எத்துணை அழகாயினும் பிழையே.

கருத்துப் பிழைத்தால் நேரும் இழப்பை நம் பேராக் மாநிலம் அறியும். 1998 செப்டம்பர் முதல் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர் மூளைக்காய்ச்சலுக்கு ஆளாயினர். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. சிலரிடம் அதன் அடையாளமும் காணப்பட்டதால் அக்கருத்தை எளிதிற் பழிப்பதற்கில்லை. கொசுப்புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோயோ நிற்கவில்லை. அக்காய்ச்சல் பெரிதும் சிறுவரைத் தாக்குவது. இங்கு வீழ்ந்தவரோ பன்றிகளோடு நெருங்கிப் பழகிய வளர்ந்த ஆடவர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங், நோயாளியிடமிருந்து பெற்ற கிருமியை உயிரணுக்களில் வளர்த்து நுண்ணோக்கியில் கண்டபோது, அது வேறொன்று எனப் புலப்பட்டது. பின்னர் நிப்பா எனப் பெயர் பெற்ற அக்கிருமி மலேசியாவில் 265 பேரைப் பற்றி, 105 உயிர்களைக் கொண்டது.

ஆசிரியப் பெருமக்களே, நம் மனமும் ஒரு திரையே. தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றிய நாளில், அழைத்தால் மறுமொழி தராத சிறுவன் ஒருவனை மந்த அறிவினன் என்று குறித்துவிட்டேன். அவனுக்குச் செவிப்புலன் குறைவு என்பது ஓராண்டு கழிந்தே எனக்குத் தெரிந்தது. குறை அவன் அறிவிலன்று. நான் வரைந்த சித்திரத்தில். அந்த ஓராண்டை அவனுக்கு என்னால் திருப்பித் தர இயலவில்லை.

சித்திரமின்றிச் சிந்தனையில்லை, ஆகவே வரைவது குற்றமாகாது. வரைந்ததைக் கண்முன் நிற்கும் உண்மை மறுக்கும்போதும் அழிக்க மறுப்பதே குற்றம். கருத்தும் உண்மையும் முரண்படுமிடத்துக் கருத்தே வளைதல் வேண்டும். ஆய்வாளர்க்குரிய அறம் அது. ஆசிரியர்க்குரிய அறமும் அதுவே.