மேலும் மூன்று சுற்றுகள் வேண்டுமா?

வடசென்னைக் குத்துச்சண்டையைச் சித்திரித்த ‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் வெளிவந்தபின், எங்கள் வெள்ளானூர் இளைஞர் சிலரும் பழைய பந்தயங்களைப் பற்றி விரும்பிப் பேசுகின்றனர். உலகப் பட்டத்துக்கான போட்டி முன்போல் 15 சுற்றாக வேண்டுமாம்; 12 சுற்றில் வீரரின் உறுதி வெளிப்படாதாம்.

சுற்றுகள் குறைந்த வரலாற்றை அவர்கள் அறிதல் நன்று. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டூக் கூ 14ஆம் சுற்றில் வீழ்ந்தார். மண்டையினுள் குருதி கசிந்து, சில நாட்களில் உயிர் நீத்தார். அதன்பின்னரே உலகக் குத்துச்சண்டை மன்றம் 12 சுற்றுகள் என வரையறுத்தது. பிற அமைப்புகளும் பின்பற்றின. குறுகிய போட்டிகளிலும் மரணம் நேர்ந்ததுண்டு. ஆயினும் களைத்த தலைமீது மேலும் 9 நிமிடம் அடி விழுவது யாருக்காக?

வீரர் தாமே இசைகிறாரே எனலாம். 1975இல் மணிலாவில் முகமது அலியுடன் பொருத ஜோ பிரேசியரும், கண்கள் வீங்கிய நிலையில், 15ஆம் சுற்றுக்கு எழவே விரும்பினார். பயிற்சியாளர் எட்டி பட்ச் விடவில்லை. அந்த இசைவை மறுத்ததே அன்பாயிற்று.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினையாகவே எண்ணுவது நம் அறம். மேடையில் நிற்பவர் முதலாவதற்கு உரியவர். நுழைவுச் சீட்டு வாங்கி, இன்னும் மூன்று சுற்றுகள் வேண்டுமென ஆர்ப்பரிப்பவர் மற்ற இரண்டிற்கும் உரியவர் அல்லரோ?