பூனைக்குட்டியின் அம்பு

என் வலது கை நடுங்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. மடியில் சும்மா கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு காரியத்துக்கு நீட்டினால்தான் நடுங்கும். ‘எசென்ஷியல் ட்ரெமர்’ என்றார் டாக்டர். பரம்பரையாக வரக்கூடியதாம். பாட்டிக்கு இருந்தது.

அந்த நடுக்கத்தின் அளவை நான் கண்ணால் பார்த்தது மகனுடைய ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியில்தான். ஜெல்டா வரிசையில் 2017இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’. அதில் நாணை இழுத்துப் பிடித்தபடி கண்ட்ரோலரையே லேசாகச் சாய்த்துக் குறியை நகர்த்தலாம். உள்ளே இருக்கும் கைரோ உணரி, மணிக்கட்டின் அசைவை அப்படியே திரைக்குக் கொண்டுபோய்விடும். ஹினாக்ஸ் என்று ஓர் ஒற்றைக்கண் பூதம். அந்தக் கண்ணில் அம்பு பட்டால் நிலைகுலைந்து உட்கார்ந்துவிடும். மகன் விட்டால் கையும் திரையும் ஒன்றாகிவிட்ட மாதிரி இருக்கும். நினைத்த இடத்தில் குறி நிற்கும். நான் பிடித்தால் அந்தக் கண்ணைச் சுற்றி ஈ மாதிரி அலையும். ஏழு அம்பு விட்டேன். ஏழும் வீண்.

அப்புறம்தான் அவன் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ போட்டுக் கொடுத்தான். 2020இல் வந்தது. உடல் ஒத்துழைக்காதவர்களுக்கென்றே 60க்கும் மேற்பட்ட வசதிகளை அதில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று ‘லாக்-ஆன் எய்ம்’. அதை ‘ஆன்’ செய்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், எதிரில் நிற்பவன் மேல் குறி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தலையா, காலா என்பதை மட்டும் நான் கண்ட்ரோலரின் குச்சியைத் தள்ளிச் சொல்ல வேண்டும். முதல் அம்பு தைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

“அம்மா, இது நீ அடிச்சது இல்லை. கேம் அடிச்சது” என்றான் மகன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். அவன் பெரும்பாலும் இந்த மாதிரி உதவி இல்லாமல் மௌஸில் ஆடுகிறவன். ஆனாலும் அது பல நாள் என்னை விடவில்லை.

கண்ட்ரோலரில் ஆடுகிற பலரும் அறியாமலே இந்த உதவியை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2001இல் வந்த ‘ஹேலோ’விலேயே இது உண்டு. குறி எதிரியின் மேல் வந்ததும், சேற்றில் கால் பதிந்தாற்போல் அதன் வேகம் குறையும். தோட்டாவே சற்று வளைந்துபோய்ப் படும். ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ போன்ற ஆட்டங்களில் மௌஸ்காரர்களுக்கும் கண்ட்ரோலர்காரர்களுக்கும் இதை வைத்து ஓயாத சண்டை. உதவி எவ்வளவு இருந்தால் நியாயம் என்பது வழக்கு.

எனக்கு இது புதிய வழக்காகப் படவில்லை. வைணவத்தின் இரு கலைகளில் பிறந்த வீடு தென்கலை, புகுந்த வீடு வடகலை. கருணைக்கு நம் பக்கத்திலிருந்து ஏதாவது வேண்டுமா என்ற கேள்வியைச் சாப்பாட்டுப் பந்தியிலேயே கேட்டு வளர்ந்தவள் நான். வடகலைக்கு உவமை குரங்குக்குட்டி: அது தாயை இறுகப் பற்றிக்கொள்ளும், தாய் தாவும். தென்கலைக்குப் பூனைக்குட்டி: அது ஒன்றும் செய்யாது. தாய் கவ்விக்கொண்டு போகும். வேதாந்த தேசிகர் வழியில் வந்த வடகலையார் ‘வ்யாஜம்’ என்பார்கள். பகவான் அருள்வதற்கு நம் பக்கம் ஒரு சிறு சாக்காவது இருக்க வேண்டும். பிள்ளை லோகாசாரியார் வழியில் வந்த தென்கலையாருக்கு அந்தச் சாக்கும் வேண்டாம். காரணமே இல்லாமல் வருவதுதான் கிருபை.

நகரும் எதிரியோடு குறியும் கூடவே திரும்புகிற உதவி ஒன்று உண்டு. பல ஆட்டங்களில் குச்சி கொஞ்சமாவது அசைந்தால்தான் அது வேலை செய்யும். கட்டைவிரலை எடுத்தால் நின்றுவிடும். இதைவிடத் தெளிவாக வ்யாஜத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

மகனுக்கு நான் சொன்ன பதில் இது. ‘லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஆட்டத்தில் ஒருவன் விழுந்தால் அவன் தோழர்கள் பெயர் சொல்லி அலறுவார்கள். அந்தப் பெயர் காதில் விழும்போது, ‘அடித்தது நான் இல்லை, கேம்’ என்று ஒதுங்க எனக்கு மனம் வரவில்லை. பாவம் என்னுடையது என்றால் அம்பும் என்னுடையதுதானே? துரோணர்கூடச் சீடர்களிடம் ‘என்ன தெரிகிறது?’ என்றுதான் கேட்டார். பறவையின் கண்ணைத் தவிர வேறு எதுவும் தெரிந்தவனை அம்பு விடவே அனுமதிக்கவில்லை. கை நடுங்குகிறதா என்று அவர் யாரையும் கேட்டதாகக் கதையில் இல்லை. பார்ப்பது என் வேலை. அசையாத கையை வேறு யார் தந்தால் என்ன?

இதில் மனம் சமாதானமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ‘லாக்-ஆன் எய்ம்’ அமைப்பில் ‘ஆஃப்’, ‘ஆன்’ போக மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: ‘ஆட்டோ-டார்கெட்’. அது திரைக்கு வெளியே, நான் பார்க்காத இடத்தில் நிற்பவனையும் தேடிப் பிடித்துத் திரும்பிக்கொள்ளும். அங்கே பார்வையும் என்னுடையது இல்லை. ஒரு நாள் ராத்திரி கை மிகவும் மோசமாக இருந்ததால் அதைப் போட்டேன். அம்பு தைத்தது. யார் மேல் என்று அப்புறம்தான் பார்த்தேன். என் கட்சி அங்கே உடைந்தது. என் பார்வைதான் என் பங்கு என்று பிடித்துக்கொண்டிருந்தேனே, அதுவும் குரங்குக்குட்டியின் பிடிதான்.

அன்றைக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் தீர்த்தம் வாங்கும்போது பாட்டியின் உள்ளங்கை நடுங்கும், பாதி சிந்திவிடும். அம்மா தன் கையை அடியில் கொடுத்துத் தாங்குவாள். அர்ச்சகரும் அது நிலைப்படும்வரை பொறுத்து ஊற்றுவார். பிறகு பாட்டிக்குக் கையை நீட்டவே மறந்துபோயிற்று. அம்மா பிடித்து நீட்டுவாள். கடைசி வருஷம் கோயிலுக்கே வர முடியவில்லை. அம்மா தீர்த்தத்தைச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் வாங்கிவந்து, கண் திறக்காமல் கிடந்த பாட்டியின் உதட்டில் விரலால் தொட்டு வைத்தாள். நான் கட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். பாட்டி விழுங்கினாள்.