முந்தி ஓடும் கால்கள்



திருப்பலியில் கர்த்தர் கற்பித்த செபம் முடிந்து, அப்பம் பிட்கப்படுவதற்கு முன்னர், ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும்படி குருவானவர் நம்மை அழைக்கிறார். நாம் கரங்களைக் கூப்பி, வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை தலை வணங்குகிறோம். அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஆதித் திருச்சபையில் இது தழுவி முத்தமிடும் வழக்கமாக இருந்தது. பரிசுத்த முத்தத்தினால் ஒருவரையொருவர் வாழ்த்தும்படி அர்ச். சின்னப்பர் உரோமையருக்கும் கொரிந்தியருக்கும் எழுதினார். பின்வந்த நூற்றாண்டுகளில் அது பெரும்பாலும் பீடத்தருகே நின்ற குருக்களோடு சுருங்கிப்போயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் வெளிவந்த 1970ம் ஆண்டின் பூசைப் புத்தகம் அதை மீண்டும் மக்களிடம் தந்தது. அந்தந்த நாட்டு வழக்கப்படி செய்யவும் திருச்சபை இடமளித்தது. கைகூப்புவது நமது வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் கரங்கள் கூப்பியிருக்க உள்ளம் விலகி நிற்குமானால் பயன் என்ன?

வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். தமையனின் ஆசீரை வஞ்சகமாய்ப் பெற்ற யாக்கோபு, இருபது வருடம் அந்நிய தேசத்தில் வாழ்ந்து நடுங்கிக்கொண்டே திரும்பி வருகிறான். எதிரே நானூறு பேருடன் ஏசா வருகிறான். யாக்கோபு ஏழுமுறை தரையில் விழுந்து வணங்குகிறான். ஆனால் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவன் யார்? வஞ்சிக்கப்பட்ட ஏசா!

ஊதாரிப் பிள்ளையின் உவமையிலும் இதுவே நடக்கிறது. பிள்ளை மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயாரித்துக்கொண்டு வருகிறான். தந்தையோ தூரத்தில் கண்டதுமே ஓடிப்போய்த் தழுவிக்கொள்கிறார். பிள்ளை வாய் திறப்பது அதன் பின்னரே. முதலில் தழுவல், பிறகுதான் கணக்கு. ஓடுகிற கால்களும் நோகடிக்கப்பட்டவரின் கால்களே. இதுவே கிறிஸ்தவ அன்பின் ஒழுங்கு.

திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று. 1054ம் ஆண்டில் உரோமையும் கொன்ஸ்தாந்தினோப்பிளும் ஒன்றையொன்று சாபத்தீர்ப்பிட்டுப் பிரிந்தன. 1964 ஜனவரியில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரும் பிதாப்பிதா அத்தெனகோராசும் ஜெருசலேமில் சந்தித்துக் கட்டித் தழுவினார்கள். தொள்ளாயிரம் ஆண்டுச் சாபத்தீர்ப்பு நீக்கப்பட்டதோ 1965 டிசம்பர் 7ல். தழுவல் முந்தியது, பத்திரம் பிந்தியது.

அணைப்பினால் உயிரும் பிழைக்கிறது. 1978ல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவர்கள், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கருவிகள் போதாமையால், அக்குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டி வைக்கத் தொடங்கினார்கள். உடற்சூடு நிலைத்தது, பால்குடியும் செழித்தது. இன்று உலக சுகாதார நிறுவனமே அம்முறையைச் சிபாரிசு செய்கிறது. பிறந்த நாளில் நமக்கு மருந்தாக இருக்கும் அணைப்பு, வளர்ந்தபின் வேண்டாத பொருளாகிவிடுமா?

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு மீசை அரும்பியதும் தகப்பன் கொஞ்சுவதை நிறுத்திவிடுகிறார். ஒரு சுவருக்காகவோ, ஒரு சீதனக் கதைக்காகவோ அண்ணனும் தம்பியும் வருடக்கணக்காய்ப் பேசுவதில்லை. பிறகு ஒருநாள் செத்தவீட்டில், உயிரோடு இருந்தபோது முகம் பாராதவர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கதறுகிறார். இறந்தவருக்குக் கொடுக்கும் அந்தத் தழுவலை உயிரோடிருக்கும்போதே கொடுத்திருக்கலாகாதா? கொரோனாத் தொற்றுக் காலத்தில் அந்தக் கடைசி அழுகைக்கும் வழியில்லாமற் போன குடும்பங்கள் எத்தனை!

கொம்பனித்தெருவில் வாழ்வோருக்கு இக்கடமை இன்னும் விரிவானது. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம் இது. அடிமைத்தீவு என்ற பெயரை ஆங்கிலம் நெடுங்காலம் சுமந்தது. இன்றோ தமிழரும் சிங்களவரும் சோனகரும் மலாயரும் ஒரே ஒழுங்கைகளில் நெருங்கி வாழ்கிறோம். நோன்புப் பெருநாளில் தொழுகை முடிந்து முஸ்லிம் சகோதரர் ஒருவரையொருவர் மார்போடு அணைத்து வாழ்த்துவதைக் காண்கிறோம். வட்டிலப்பம் நம் வாசலுக்கு வருகிறது. நத்தார்ப் பலகாரம் அவர்கள் வாசலுக்குப் போகிறது.

2019 பெப்ரவரி 4ல் பாப்பரசர் பிரான்சிஸும் அல் அஸ்ஹர் பெரிய இமாமும் அபுதாபியில் மனித சகோதரத்துவ ஏட்டில் கையொப்பமிட்டுத் தழுவிக்கொண்டார்கள். மூன்று மாதமும் செல்லுமுன், ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கோவில்கள் இரத்தத்தில் நனைந்தன. கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முஸ்லிம் மக்கள்மேல் கைவைக்கலாகாது என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மன்றாடினார். அப்படியிருந்தும் மே மாதத்தில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொலைக்கு நீதி கேட்பது நமது உரிமை. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் குற்றமற்ற அயலவனைத் தழுவுவதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஒன்றை மறவாதிருப்போம். யூதாசும் முத்தமிட்டான். வஞ்சகத்தை மறைக்கும் அணைப்பும், மற்றவர் விரும்பாதபோது திணிக்கும் அணைப்பும் அன்பாகா. முக்கியமாகப் பிள்ளைகள் விடயத்தில் பெரியோர் மிகுந்த மரியாதை காக்க வேண்டும். நம் ஆண்டவர் குழந்தைகளை அணைத்தது ஆசீர்வதிக்கவே. குஷ்டரோகியைத் தொட்டது குணமாக்கவே.

ஆகையால் பிரியமானவர்களே, வரும் ஞாயிறு பூசைக்கு முன்னர் ஒரு கதவைத் தட்டுங்கள். யாருடைய முகத்தைக் கண்டால் நீங்கள் மறுபக்கம் திரும்புவீர்களோ, அவருடைய கதவு அது. குற்றம் அவருடையதாகவே இருக்கலாம். அப்படியானால் ஏசாவின் இடம் உங்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி ஆண்டவர் கற்பித்தாரே! அதைச் செய்துவிட்டு வந்து கரங்களைக் கூப்பிச் சமாதானம் சொல்லுங்கள்.

சிலுவையில் கரம் விரித்து நம் எல்லோரையும் அணைத்துக்கொண்ட ஆண்டவர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.