விலகிச் சென்ற புயல் எங்கே சென்றது?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகியிருக்கிறது என்ற செய்தி வந்ததும் நம்மில் பலருடைய உள்ளத்தில் தானாகவே ஒரு வேண்டுதல் எழுகின்றது: "ஆண்டவரே, இது எங்கள் பக்கம் வராமல் விலகிப் போகட்டும்." இதைவிட இயல்பான வேண்டுதல் வேறொன்று இருக்க முடியாது. நாங்களும் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதையே சொல்லி வந்தவர்கள்தாம். இந்தச் சிறு வாக்கியத்துக்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது என்பதை 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு தென்னந்தோப்பில்தான் நாங்கள் அறிந்துகொண்டோம்.

எங்கள் மணவாழ்வின் நாற்பதாம் ஆண்டு அது. விருந்து, மண்டபம் என்று செலவு செய்வதைவிட, குடும்பமாக எங்கேனும் சென்று வரலாம் என்றான் மகன். விடுதிகளில் தங்காமல், கூடாரம் அடித்து, கூடிச் சமைத்து, நான்கு நாள் திறந்த வெளியில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பது பேரப்பிள்ளைகளின் ஆசை. மகனோடு பணிபுரியும் ஒருவருடைய தந்தைக்கு வேதாரணியத்துக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று அவர் மனமுவந்து இசைந்தார். நவம்பர் 12ஆம் நாள் காலை, இரண்டு கூடாரங்கள், அடுப்பு, அரிசி மூட்டை, பாத்திரங்கள் ஆகியவற்றோடு ஒரு வாடகை வேனில் திருச்சியிலிருந்து புறப்பட்டோம். தஞ்சை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சென்று மாலையில் தோப்பை அடைந்தோம்.

வங்கக் கடலில் அப்போதே ஒரு புயல் இருந்தது. 'கஜா' என்பது அதன் பெயர். யானை என்று பொருள்படும் அப்பெயரைச் சூட்டியது இலங்கை. அது வடதமிழகத்துக்கும் ஆந்திரத்தின் தென்பகுதிக்கும் இடையே கரை கடக்கும் என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்திருந்ததால், தெற்கே செல்லும் எங்களுக்கு அச்சமில்லை. ஆனால், எங்கள் மகள் சென்னையில் இருந்தாள். 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் புகுந்தது. மறு ஆண்டு டிசம்பரில் 'வர்தா' புயல் அவள் தெருவிலிருந்த மரங்களையெல்லாம் சாய்த்தது. இப்போது கையில் இரண்டு மாதக் குழந்தை. எனவே, முதல் நாள் இரவு கூடாரத்துக்குள் அமர்ந்து, சென்னையை விட்டுப் புயல் விலக வேண்டும் என்ற கருத்துக்காகச் செபமாலை சொன்னோம். பேரப்பிள்ளைகளும் அத்தைக்காக உருக்கமாக வேண்டிக்கொண்டார்கள்.

மறுநாள் கோடியக்கரைக்குச் சென்று வெளிமான்களையும், உப்பளங்களை ஒட்டிய நீர்ப்பரப்பில் நின்ற பூநாரைகளையும் கண்டு மகிழ்ந்து திரும்பினோம். மாலையில் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா, புயல் எங்களை விட்டு விலகிவிட்டதாம். நம் வேண்டுதலை ஆண்டவர் கேட்டுவிட்டார். நாளைக்குப் பூசையில் நன்றிக் காணிக்கை வைக்கப் போகிறேன். கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே போகிறதாம்..." என்றவள் அதற்குமேல் பேசவில்லை. நாங்கள் இருந்த இடம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. சிறிது நேரத்துக்குப் பின், "நான் என்னம்மா வேண்டிக்கிட்டேன்?" என்று அழுதாள்.

அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, வழக்கம்போல் இரவுச் செபத்துக்கு அமர்ந்தோம். அன்று எங்கள் செபம் தொண்டையிலேயே நின்றது. புயல் விலகட்டும் என்று சொல்ல வாய் வந்தது. எந்தத் திசையில் என்று சொல்ல மனம் வரவில்லை. வடக்கே போகட்டும் என்றால், அங்கே மகள் இருக்கிறாள். தெற்கே போகட்டும் என்றால், 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியையே இழந்த இராமேசுவரம் தீவு மக்கள் இருக்கிறார்கள். வந்த வழியே திரும்பட்டும் என்றால், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம் இருக்கிறது. முந்திய இரவு வடக்கே இருந்த மகள் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தாள்; தெற்கே எவரும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாங்களே தெற்கே இருந்தும் தோன்றவில்லை!

14ஆம் நாள் வானம் தெளிவாக இருந்தது. இன்னும் ஒரு நாள் என்று பிள்ளைகள் கெஞ்சினர், நாங்களும் இணங்கிவிட்டோம். 15ஆம் நாள் முற்பகல் கூடாரங்களைப் பிரித்துப் புறப்பட்டபோது, தோப்புப் பாதையின் மணலில் வேனின் சக்கரங்கள் புதைந்தன. அதை மீட்பதற்குள் பொழுது சாய்ந்து, மழையும் தொடங்கிவிட்டது. தோப்புக்காரர் ஓடிவந்தார். "ஐயா, இனிமே ரோட்டுல போகாதீங்க. ரெண்டு பக்கமும் மரம். பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லி, எங்களைக் காரைக் கட்டடமாக இருந்த ஊர்ப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். ஊரில் பாதிப்பேர் அங்கே வந்துவிட்டிருந்தனர்.

நள்ளிரவுக்குப் பின் வீசிய காற்றை விவரிக்க எங்களுக்குச் சொற்கள் இல்லை. சன்னல் கதவுகளை ஆண்கள் முதுகு கொடுத்துத் தாங்கினர். ஒரு கட்டத்தில் காற்று திடீரென ஓய்ந்தது. புயலின் நடுப்பகுதி தலைக்கு மேலே கடக்கிறது என்றும், எவரும் வெளியே போகக் கூடாது என்றும் தோப்புக்காரர் சொன்னார். 1977ஆம் ஆண்டு நாகைப் புயலைக் கண்டவர் அவர். அவர் சொன்னவாறே, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறியது. முதற்காற்றில் சாயாமல் நின்றவை இரண்டாம் காற்றில் சாய்ந்தன. நாங்கள் செபமாலையை உருட்டினோம். அருகிலிருந்த தாய்மார்கள் மாரியம்மனை அழைத்தனர். அந்த அறையில் எல்லாருடைய குரலிலும் இருந்த நடுக்கம் ஒன்றுதான்.

விடிந்ததும் தோப்புக்குச் சென்றோம். எங்கள் கூடாரங்கள் இருந்த இடத்தின்மேல் மூன்று மரங்கள் கிடந்தன. தோப்பில் நின்றவை பத்தோ பன்னிரண்டோ மரங்கள்தாம். எழுபத்தேழாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தம் தந்தையோடு சேர்ந்து குழி வெட்டி நட்ட மரங்கள் அவை என்றார் தோப்புக்காரர். அவர் அழவில்லை. அரிவாளை எடுத்து, விழுந்த மரத்திலிருந்து இளநீர்க் குலையை வெட்டி, பேரப்பிள்ளைகளை அழைத்தார். "குடிங்க, கண்ணுங்களா. மரம் விழுந்துச்சுன்னா காய் என்ன பாவம் பண்ணுச்சு" என்று சீவிக் கொடுத்தார். ஊரில் அன்று குடிப்பதற்கு நல்ல நீர் அதுவாகத்தான் இருந்தது. அதை வாங்கிக் குடித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட நாணத்தை இன்றளவும் மறக்க இயலவில்லை.

மறுநாள் ஊரார் சாலையில் கிடந்த மரங்களை அறுத்து வழி செய்து கொடுத்தனர். நாங்கள் வீடு திரும்பினோம். அவர்கள் அங்கேயே இருந்தனர். அந்தப் புயலில் தமிழகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன; பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்விளக்கு எரியவில்லை.

மகன் பொறியாளன். எங்கள் மனவருத்தத்தைக் கண்டு அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏறத்தாழ 26 டிகிரிக்கு மேல் சூடேறிய கடல்நீரிலிருந்து புயல் தன் ஆற்றலைப் பெறுகிறது. உயரத்தில் வீசும் காற்றோட்டங்கள் அதை இழுத்துச் செல்கின்றன. "கூடாரத்துக்குள் நாம் சொன்ன செபம் தோப்பைச் சாய்த்தது என்று எண்ணுவது பக்தி அன்று, மூடநம்பிக்கை" என்றான். உண்மைதான். இறைவன் ஒருவருடைய வேண்டுதலுக்கு இணங்கி மற்றொருவருடைய கூரையைப் பிய்ப்பவர் என்று நாங்களும் நம்பவில்லை. ஆனால், புயலை எது நகர்த்தியது என்பதன்று எங்கள் கேள்வி. எங்கள் விருப்பம் எதற்கு இசைவு தந்தது என்பதே கேள்வி. கொடுக்கப்படாத ஒன்றைக் கேட்டாலும் கேட்டவனுடைய உள்ளம் அதில் வெளிப்பட்டுவிடுகிறது அன்றோ?

அப்படியானால், துன்பத்திலிருந்து தப்ப விரும்புவதே தவறா? இல்லை. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலுமாறு வேண்டினார். அஞ்சுவதும், விடுதலை வேண்டுவதும் மனித இயல்பு, அது பாவமன்று. ஆனால், அந்தக் கிண்ணத்தைப் பேதுருவின் கையிலோ யோவானின் கையிலோ கொடுத்துவிடும்படி அவர் கேட்கவில்லை. என்னிடமிருந்து எடுத்துவிடும் என்பது வேறு. எடுத்து அடுத்தவனிடம் கொடும் என்பது வேறு. நாம் முதலாவதைச் சொல்வதாக எண்ணிக்கொண்டு பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்லிவிடுகிறோம். தேர்வில், வேலையில், நோயில், ஏன், மருத்துவமனைப் படுக்கைக்குக் காத்திருக்கும் வரிசையிலும் இதுவே நடக்கிறது.

மாற்கு நற்செய்தியில், கடலில் புயல் எழுந்த நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் ஒரு சிறு செய்தியை நாங்கள் நெடுங்காலம் கவனித்ததில்லை. இயேசு இருந்த படகோடு வேறு படகுகளும் சென்றன என்று நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். அப்படகுகளில் இருந்தவர்கள் யார் என்பது சொல்லப்படவில்லை. அவர்கள் அவரை எழுப்பவுமில்லை. ஆயினும் அவர் காற்றை வேறொரு கரைக்கு அனுப்பிவிடவில்லை, அதை அடக்கினார். அமைதி உண்டானபோது அது மற்றப் படகுகளுக்கும் உண்டாயிற்று. 'விலகட்டும்' என்ற வேண்டுதலுக்கும் 'அடங்கட்டும்' என்ற வேண்டுதலுக்கும் உள்ள தொலைவு இதுதான். அடங்குதல் இயற்கையில் நிகழாததன்று. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் உருவான 'கியாந்த்' புயல் எந்தக் கரையையும் தாக்காமல் கடலிலேயே வலுவிழந்தது.

ஆனால், எல்லாப் புயல்களும் அடங்குவதில்லை. அடங்காத புயல் ஒருவருடைய கூரைமேல் இறங்கியே தீரும். அப்போது நமது வேண்டுதல் கைகளாக மாற வேண்டும். 1999ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மடிந்தனர். 2013ஆம் ஆண்டு அக்டோபரில் 'பைலின்' புயல் அதே மாநிலத்தைக் கடுமையாகத் தாக்கியபோது, முன்கூட்டியே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு சேர்த்தார்கள். மடிந்தோர் சில பத்துப் பேரே. அங்கே புயல் விலகிப் போகவில்லை. மனிதர்கள் மனிதர்களை விட்டு விலகாமல் நின்றார்கள். எச்சரிக்கை சொன்னவரும், முதியவரைத் தோளில் சுமந்தவரும், பாதுகாப்பு இல்லத்தில் கஞ்சி காய்ச்சியவரும் செய்தது ஒரு பெரிய செபம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

தப்பியவர்கள் மகிழலாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. எங்கள் மகள் நன்றிக் காணிக்கையை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். நிறுத்த வேண்டாம் என்றோம். உயிரோடிருப்பதற்கு நன்றி சொல்லாமலிருப்பது நேர்மையாகாது. ஆனால், தப்பியதை நமக்குக் கிடைத்த பரிசு என்று எண்ணினால் மற்றவர் அதற்குத் தகுதியற்றவர் என்று ஆகிவிடும். அதனை ஒரு கடன் என்று எண்ணினால் மட்டுமே நன்றி நன்றியாக நிற்கும். மகள் காணிக்கையோடு தார்ப்பாய்களும் மெழுகுவத்திகளும் குடிநீரும் வாங்கி அனுப்பினாள். பத்து நாள் கழித்து அதே வேனில் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். தோப்புக்காரருக்கு நாற்பதாண்டு உழைப்பை அவற்றால் ஈடு செய்ய முடியாது. கடன் தீர்ந்ததாக நாங்கள் எண்ணவுமில்லை.

அதற்குப்பின் அவர் நட்ட கன்றுகளில் சில இப்போது பாளை விட்டிருக்கின்றன. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் செபமாலை தொடர்கிறது. அதில் திசை எதையும் நாங்கள் சொல்வதில்லை. அடங்கட்டும் என்கிறோம், அடங்காவிட்டால், அது சென்று சேரும் இடத்தில் இருப்பவர்களை நாங்கள் மறவாதிருக்கச் செய்யும் என்கிறோம். செபம் முடிந்ததும் வேதாரணியத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறோம்.