தொடுவதற்கு முன்

கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், வைத்தியம் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறார்கள். பாடம் சொல்லிக் கொடுக்கவும் வருகிறோம் என்று அவர்களில் பலர் நினைத்திருக்க மாட்டார்கள். அது ஆஸ்பத்திரி மட்டுமல்ல, கல்லூரியும் அல்லவா?

கண்ணால் பார்ப்பது, கையால் தொடுவது, விரலால் தட்டுவது, காதால் கேட்பது. மேனாட்டு முறையில் உடம்பைப் பரிசோதிப்பது இந்த நான்கில் அடங்கும். நம் சித்த வைத்தியர்கள் எட்டாக வகுத்தார்கள்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். மொழி என்று அவர்கள் சொன்னது குரலின் தன்மையைத்தான். இருந்தாலும், நோயாளியைப் பேச விட்டால்தானே குரலைக் கேட்க முடியும்!

ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதையை எண்ணிப் பாருங்கள். 1816-ல் பாரிஸில் லேனெக் என்ற டாக்டரிடம் இருதய நோயுள்ள ஓர் இளம்பெண் வந்தாள். பருத்த உடம்பாகையால் தட்டிப் பார்த்துப் பயனில்லை. மார்பில் காதை வைக்கவோ கூச்சம். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இருதயத் துடிப்பு முன்பு எப்போதையும்விடத் தெளிவாகக் கேட்டது. அந்தக் கூச்சத்துக்கு வைத்திய உலகம் கடன்பட்டிருக்கிறது. 1819-ல் அவருடைய நூல் வெளிவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் வைத்தியப் பள்ளி தொடங்கியது 1823-ல். அந்தப் பள்ளியின் வழியில் 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவே 1964-ல் ஜிப்மர் ஆயிற்று.

குழாய் வந்துவிட்டது. கூச்சமும் கூடவே வந்ததா?

மண்ணீரல் வீங்கிய ஓர் அம்மாள் படுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாணவர்கள், ஒருவர் பின் ஒருவராக, இடப்புற விலா எலும்பின் கீழே விரல்களை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லித் தேடுகிறார்கள். தேடாமல் கற்க முடியாது; கற்காதவன் கையில் நாளைக்கு வேறொருத்தி படுவாள். இந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடப்புத்தகமாவது ஏன் பெரும்பாலும் இலவச வார்டில் படுத்த உடம்பாகவே இருக்கிறது? பணம் கட்டித் தனி அறையில் படுத்திருப்பவரைப் பத்துப் பேர் தொட்டால் சும்மா இருப்பாரா?

அனுமதி கேட்டால் போயிற்று என்பார்கள். கேட்பதால் லாபமும் உண்டு. கை சில்லென்றிருந்தாலோ, நோயாளி பயந்திருந்தாலோ, வயிறு பலகை போல் இறுகிவிடும். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. லாபம் இல்லாவிட்டாலும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ‘வேண்டாம்’ என்றால் மருந்து கிடைக்காமற் போகுமோ என்று அஞ்சுகிறவள் சொல்லும் ‘சரிங்க ஐயா’, சம்மதம் ஆகுமா? “நான் படிக்கிற பிள்ளை அம்மா. வேண்டாமென்றால் சொல்லுங்கள், உங்கள் வைத்தியம் நிற்காது” என்று முதல் மாணவன் கை வைக்கும் முன் சொல்ல வேண்டும். பத்தாவது மாணவனும் சொல்ல வேண்டும். அதற்குள் அவள் களைத்துப் போயிருப்பாள்.