பரவாயில்ல மேடம்

வேலைக்கு எழுத்து மாதிரிகள் கேட்டார்களாம். "மூணு வருஷமா எழுதுறேன் மேடம், எதுலயும் என் பேர் இல்ல" என்றாள் மாணவி.

நான் கருத்தரங்கில் வாசித்து, என் பெயரில் அச்சேறிய கட்டுரையில் பாதி அவள் எழுதியது. "அனுபவம்தானே" என்று சொல்லி வாங்கியவள் நான். வீட்டுவேலைக்குக் கூலி ஏன் இல்லை என்று கவிதை எழுதியவளும் நானே.

பெயர் தெரியாத குறுந்தொகைப் புலவருக்கு அவர் பாட்டின் சொல்லாலேயே செம்புலப்பெயனீரார் என்று பெயர் சூட்டினார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்ற பின்னும் 'இது என் எழுத்து' என்று சொல்லும் உரிமையை எழுதியவரிடமே விடுகிறது. கூலி வாங்காமல் எழுதலாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். அவள் பெயரை நீக்கும் உரிமை எனக்கில்லை.

பதிப்பாசிரியருக்கு எழுதி, அவள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். "பரவாயில்ல மேடம்" என்றாள். அந்தச் சொல்லை அவளுக்குப் பழக்கியதில் எனக்கும் பங்குண்டு.