வாயில்லா ஜீவனின் முறையீடு



நாய் கடித்துவிட்டது என்கிறோம். பூனை பிறாண்டிவிட்டது என்கிறோம். பழி உடனே அந்தப் பிராணியின் மேல் போய்விடுகிறது. ஆனால் அதற்கு நன்மை தீமையின் ஏடு கிடையாது. அதை வைத்து வளர்க்கிற நமக்குத்தான் ஏடு இருக்கிறது. அப்படியென்றால், ஒரு பிராணியின் குணத்தைத் தெரிந்துகொள்ளாமலே அதை வளர்ப்பது வெறும் அறியாமையா? மறுமையில் கேள்வி கேட்கப்படும் குற்றமா?

ஒட்டகத்தின் கண்ணீர்

அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஓர் அன்சாரியின் தோட்டத்திற்குள் நுழைகிறார்கள். அவர்களைக் கண்டதும் அங்கிருந்த ஒட்டகம் முனகுகிறது, கண்ணீர் வடிக்கிறது. நபியவர்கள் அதன் காதின் பின்புறத்தைத் தடவிக் கொடுக்க, அது அமைதியாகிறது. உரிமையாளரை அழைத்து, உன் பொறுப்பில் அல்லாஹ் தந்த இந்தப் பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா, நீ அதைப் பட்டினி போடுகிறாய், ஓயாமல் வேலை வாங்குகிறாய் என்று அது என்னிடம் முறையிடுகிறது என்று கண்டித்தார்கள்.

அந்த ஒட்டகம் தினமும் நின்றது அதன் உரிமையாளர் கண் முன்னால்தான். அவருக்கு அந்த முறையீடு கேட்கவில்லை. நபிக்குக் கேட்டது முஃஜிஸா. நமக்கு அந்த அற்புதம் இல்லை. கண்ணும் அறிவும் தரப்பட்டிருக்கின்றன. பிராணியின் நடவடிக்கைதான் அதன் முறையீடு.

கட்டி வைத்தவர் மேல் கடன்

பூனையால் நரகம் சென்ற பெண்ணின் ஹதீஸ் (புகாரி, முஸ்லிம்) நாம் எல்லோரும் கேட்டதுதான். அவள் அதை அடித்ததாக அதில் இல்லை. அடைத்து வைத்தாள், உணவும் தரவில்லை, பூமியின் பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்னவும் விடவில்லை. திரிகிற பிராணி தன் ரிஸ்கைத் தானே தேடிக்கொள்ளும். அதைக் கட்டிய நிமிடத்திலிருந்து அந்த ரிஸ்க் கட்டியவர் மேல் கடன்.

ஹிஜ்ரி 660இல் வஃபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் அவர்கள் பிராணிகளுக்கு மனிதன் செலுத்த வேண்டிய ஹக்குகளைத் தம் நூலில் எண்ணிச் சொல்கிறார்கள். அது முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று.

நம் அருள்புரத்தில் காலையில் பனியன் கம்பெனிக்குப் போய் ஓவர்டைமும் முடித்து இரவு திரும்புகிறோம். அதுவரை வாசலில் இரண்டு முழச் சங்கிலியில் ஒரு நாய். சோறு வைத்துவிட்டுத்தான் போனோம் என்போம். நாய்க்கு நடப்பதும், மோப்பம் பிடிப்பதும், துணையும் தேவை. அவை கிடைக்காத நாய் ஓயாமல் குரைக்கும், மண்ணைத் தோண்டும், போவோர் வருவோர் மேல் பாயும். திமிர் பிடித்த நாய் என்று அடிக்கிறோம். அது முறையிடுகிறது, சகோதரர்களே!

உறுமலும் பிறாண்டலும்

நாய் உறுமுவது, கிட்டே வராதே என்ற எச்சரிக்கை. உறுமியதற்காக அடித்து அடித்துப் பழக்கினால், அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்கும். வாலை ஆட்டுவதெல்லாம் சந்தோஷமும் அல்ல. உடல் விறைத்து, பார்வை நிலைகுத்தி நின்றால் விலகிவிட வேண்டும். தின்கிற நாயையும், தூங்குகிற நாயையும், குட்டியோடு இருக்கும் நாயையும் தொடக்கூடாது, துரத்தினால் ஓடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பூனை நகத்தைத் தீட்டுவது அதன் படைப்பு. ஒரு சாக்குத் துண்டைக் கட்டி வைத்தால் கட்டிலை விட்டுவிடும். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். கண்ட இடத்தில் அசிங்கம் செய்கிறது என்று அடிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

லைன் வீட்டைக் காலி செய்யும்போது பூனையை விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருக்கும். வீடுகளில் சுற்றி வருகிற உயிர் என்று நபியவர்கள் சொன்ன அந்தப் பூனைக்கு அபூகதாதா (ரலி) அவர்கள் தம் உளூத் தண்ணீர்ப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள்.

நஜீஸ் என்றால் வெறுப்பல்ல

காவல், வேட்டை, ஆடு மாடு, விவசாயம் போன்ற தேவையின்றி நாய் வளர்ப்பதை நபியவர்கள் தடுத்தார்கள். நன்மை குறைகிறது என்றார்கள். வாய் வைத்த பாத்திரத்தைக் கழுவும் சட்டத்தையும் மத்ஹபுகளில் படித்திருக்கிறோம். இவை நம் தூய்மைக்கான சட்டங்கள். நாயைக் கல்லால் அடிக்க இவற்றில் அனுமதி இல்லை. தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார் என்று சொன்னதும் அதே நபிதான்.

கடிபட்டவனின் கண்ணீர்

ஆனால் பிள்ளையைக் கடிகொடுத்த தகப்பனிடம் போய், பிராணிகள் மேல் இரக்கம் காட்டு என்று மட்டும் சொன்னால் அது நியாயம் ஆகாது. நம் மாவட்டத்தில் வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் தெரு நாய்கள் கடித்துக் குதறிய ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் கண்ணீரும் கண்ணீர்தான். தீங்கு நீக்கப்பட வேண்டும். வெறிபிடித்த நாயைக் கொல்ல இஹ்ராமிலும் அனுமதி உண்டு. அதே நேரம், நாய்களும் ஒரு சமுதாயம் என்பதாலேயே அவற்றை மொத்தமாகக் கொல்ல உத்தரவிடவில்லை என்றும் நபியவர்கள் சொன்னார்கள்.

2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம், தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான் உணவு வைக்க வேண்டும் என்றது. ஆகவே ரொட்டியைப் போட்டுவிட்டு நகர்வதோடு நம் இரக்கம் முடிவதில்லை. உணவு வைக்கிறவர், அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேட்க வேண்டும். தெருவில் திரிவதில் எத்தனையோ, பெட்டை என்பதற்காக யாரோ சாக்கில் கட்டிக்கொண்டு வந்து விட்ட குட்டிகள்.

கடிபட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எல்லாத் தவணை ஊசியும் போட வேண்டும். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் இதே முறைதான். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு மருந்து இல்லை.

சகோதரர்களே! வளர்க்க முடியாது என்று தெரிந்தால் ஆரம்பிக்காதீர்கள். அதில் பாவம் இல்லை. ஆரம்பித்துவிட்டால் அது அமானத். இன்று வீட்டுக்குப் போனதும் சங்கிலியின் நீளத்தையும் தண்ணீர்ச் சட்டியையும் ஒருமுறை பாருங்கள்.

வாயில்லா ஜீவன்களின் முறையீட்டை இங்கேயே கேட்டுத் திருந்தும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.